மருந்து அடித்துவிட்டு வந்து மயங்கியவருக்கு முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு மதியம் வீடு திரும்பிய உங்கள் மாமா, தண்ணீரை ஊற்றியதுபோல வியர்த்து, வாந்தி எடுத்து, எச்சில் ஒழுகப் படுத்துவிட்டார். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து மோர் கொடுத்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் "மருந்து ஏறியிருக்கு, வாந்தி எடுக்க வையுங்க" என்று உப்பைக் கரைத்துக் கொடுத்தார். மருத்துவமனையில் சேர்த்து இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து பேசியவர், மூன்றாம் நாள் தலையைத் தூக்க முடியாமல் போய், வென்டிலேட்டரில் வைக்கப்பட்டார். இப்போது நல்லபடியாக வீட்டில் இருக்கிறார். உப்புத் தண்ணீர் கொடுத்தது சரியா, மூன்றாம் நாள் நடந்தது மருத்துவமனையின் கவனக்குறைவா, மாமா மறுபடி எப்போது மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிறவர்கள் செய்வதில் எது உயிரைக் காக்கும், எது கெடுக்கும்? அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப்போகிறேன்.

நான் பல ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் வேலை பார்த்த மருத்துவன். பருத்தி, மக்காச்சோளம், நெல் என்று பருவம் மாற மாற வருகிற விஷமும் மாறும் பகுதி அது. உங்கள் மாமாவை நான் பார்க்கவில்லை, அவருடைய கேஸ் ஷீட்டும் என்னிடம் இல்லை. அதனால் அவருக்கு எந்த மருந்து, எவ்வளவு ஏறியது என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் ஆர்கனோபாஸ்பேட் வகை என்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், குயினால்பாஸ் எல்லாம் அந்தக் குடும்பம்தான். குருணையாகப் போடும் கார்போபியூரான் வேறு குடும்பம் என்றாலும் உடம்பில் செய்யும் வேலை கிட்டத்தட்ட அதேதான். கொஞ்சம் சீக்கிரம் விலகும்.

இவை உடம்பில் என்ன செய்கின்றன என்று புரிந்துகொண்டால் முதலுதவி தானாகவே விளங்கும். நம் நரம்புகள் தசைக்கும் சுரப்பிகளுக்கும் கட்டளை அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கின்றன. கட்டளை முடிந்ததும் அதை உடனே அழிக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த விஷம் அந்த நொதியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். பம்புசெட் மோட்டாரைப் போட்டுவிட்டு நிறுத்த ஆள் இல்லாமல் போனால் வாய்க்கால் நிரம்பி வழிவதுபோல, உடம்பில் சுரக்கிற இடமெல்லாம் சுரந்துகொண்டே இருக்கும். கண்ணீர், எச்சில், வியர்வை, வாந்தி, பேதி, தன்னறியாமல் சிறுநீர். கண்ணின் பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும். தசைகள் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்து, நுரையீரலுக்குள்ளும் அப்படியே சளியும் நீரும் சுரப்பதுதான். இந்த நோயாளிகள் பெரும்பாலும் வயிற்றில் இருக்கிற விஷத்தால் அல்ல, மூச்சு நின்றுதான் இறக்கிறார்கள். வீட்டில் நடக்கும் வைத்தியம் எல்லாம் வயிற்றைக் குறிவைப்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

உங்கள் மாமா மருந்தைக் குடிக்கவில்லை. தெளிக்கிறவருக்கு விஷம் ஏறுவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான். முதுகில் இருக்கும் டேங்க் கசிந்து சட்டை நனைகிறது. கையை விட்டுக் கலக்குகிறார்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதுகிறார்கள். நனைந்த லுங்கியோடு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார்கள். அக்குள், தொடை இடுக்கு, கழுத்து மாதிரி தோல் மெல்லிய, வியர்க்கிற இடங்களில் மருந்து வேகமாக உள்ளே போகும். அப்படி ஏறிய விஷத்தை வாந்தி எப்படி வெளியே கொண்டுவரும்? அவர் வயிற்றில் அப்போது இருந்தது காலையில் சாப்பிட்ட சோறும் நீங்கள் கொடுத்த மோரும்தான்.

ஆகவே உப்புத் தண்ணீர் பற்றி நேரடியாகவே சொல்கிறேன்: கொடுக்கக் கூடாது. மருந்து தோலில் பட்டிருந்தாலும் சரி, குடித்திருந்தாலும் சரி. அரை மயக்கத்தில் இருப்பவரை வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். பூச்சிமருந்துகளில் பலவும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களில் கலக்கப்பட்டவை. அது நுரையீரலுக்குள் போனால் விஷம் ஒரு பக்கம், கரைப்பானால் வரும் நிமோனியா இன்னொரு பக்கம். கெட்டியான உப்புக் கரைசல் ரத்தத்தில் சோடியத்தை ஏற்றி அதனாலேயே வலிப்பையும் மூளைப் பாதிப்பையும் கொண்டுவரலாம். சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தொண்டைக்குள் விரல் விடுவது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பால், முட்டையின் வெள்ளைக்கரு, மோர் ஆகியவற்றுக்கு விஷத்தை முறிக்கும் சக்தி இல்லை. பாலில் இருக்கும் கொழுப்பு சில மருந்துகளை உடம்பு சீக்கிரம் உறிஞ்சவே உதவக்கூடும். உங்கள் மாமா பிழைத்தது உப்புத் தண்ணீரால் அல்ல. அதே சமயம், அதனால்தான் வென்டிலேட்டர் வரை போனார் என்று யாரும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லவும் காரணம் இல்லை. மூன்றாம் நாள் நடந்ததற்கு வேறு விளக்கம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் 108க்கு அழைக்கட்டும். "பூச்சிமருந்து பட்டு மயக்கம்" என்று தெளிவாகச் சொல்லட்டும். இன்னொருவர் உடனே துணிகளைக் கழற்றத் தொடங்க வேண்டும். இது கூச்சப்படுகிற நேரமில்லை. சட்டை, லுங்கி, பனியன், உள்ளாடை, தலையில் கட்டிய துண்டு, செருப்பு எல்லாம். நான் பார்த்தவரை எல்லோரும் மறப்பது அரைஞாண் கயிறும் தோல் பெல்ட்டும்தான். மருந்தில் ஊறிய கயிறு இடுப்பிலேயே இருந்தால் நீங்கள் எவ்வளவு கழுவினாலும் அது மணிக்கணக்கில் விஷத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வெட்டி எடுத்துவிடுங்கள். கழற்றுகிறவர் கையில் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். உறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கேரி பேக்கைக் கையில் சுற்றிக்கொண்டால் போதும். கழற்றிய துணியை ஒரு பையில் போட்டுக் கட்டி ஓரமாக வையுங்கள். வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

அப்புறம் சோப்புப் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி, தலையிலிருந்து கால்வரை கழுவுங்கள். பதினைந்து இருபது நிமிடம். வெந்நீர் வேண்டாம், அது தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டும். பீர்க்கங்காய் நார், பிரஷ் வைத்துத் தேய்க்கவும் வேண்டாம், சிராய்ப்பு வழியாக இன்னும் ஏறும். தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, நகக்கண், விரல் இடுக்கு ஆகியவற்றைத் தனித்தனியாகக் கவனியுங்கள். கண்ணில் பட்டிருந்தால் அதைத்தான் முதலில் கழுவ வேண்டும்: இமையை விரித்துப் பிடித்து, மூக்கின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஓடும்படி மெதுவாகத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருங்கள், பதினைந்து நிமிடம் குறையாமல். தாய்ப்பால், விளக்கெண்ணெய், வீட்டில் மிச்சமிருக்கிற கண் சொட்டுமருந்து எதுவும் வேண்டாம். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகுமென்றால் அந்த இருபது நிமிடமும் கழுவலாம். வண்டி வாசலில் நிற்கிறது, ஆனால் மூச்சு இரைக்கிறது, நினைவு மங்குகிறது என்றால், துணியைக் கழற்றி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் போர்த்திக் கொண்டு கிளம்புங்கள். மீதியை மருத்துவமனையில் கழுவிக்கொள்ளலாம். குளிப்பாட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று ஒருபோதும் நிற்காதீர்கள்.

நினைவு மங்கியிருந்தால் மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி முகத்தைச் சாய்த்துவிடுங்கள். எச்சிலும் வாந்தியும் தானாக வெளியே வழியட்டும், துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். வண்டியிலும் அப்படியேதான். இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து பைக்கில் கொண்டுவருவார்கள். தலை முன்னால் தொங்கி மூச்சுக்குழாய் மடங்கி, வழியிலேயே நீலம் பாரித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோவோ காரோ, படுக்க வைக்க இடமிருக்கிற வண்டி நல்லது. வலிப்பு வந்தால் கையில் சாவி, இரும்பு எதுவும் கொடுக்க வேண்டாம், பற்களுக்கிடையே எதையும் திணிக்க வேண்டாம். தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, நின்றதும் ஒருக்களியுங்கள். மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். வாயோடு வாய் வைத்து ஊதுவது, குடித்தவர் விஷயத்தில் ஊதுகிறவருக்கே ஆபத்து. வாய் படாமல் ஊதுவதற்கான முதலுதவி மாஸ்க் இருந்தால் மட்டும் செய்யுங்கள். மற்றபடி, தொட்டாலே நமக்கும் ஏறிவிடும் என்று பயந்து விலகி நிற்கத் தேவையில்லை. கையுறையும் காற்றோட்டமும் இருந்தால் உதவுகிறவருக்கு ஆபத்து மிகக் குறைவு.

இதோடு மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். புட்டி கசிந்தால் பையில் போட்டு, அதுவும் முடியாவிட்டால் லேபிளை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து. லேபிளில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், பிறகு மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். முறிவுமருந்து என்ன என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். பச்சை நிறம் என்பதற்காக அசட்டையாக இருக்கவும் கூடாது. இப்போது கடைகளில் இரண்டு மருந்தைச் சேர்த்தே விற்கிறார்கள், வயலில் மூன்று நான்கைக் கலந்தும் அடிக்கிறார்கள். அதனால் அன்று டேங்கில் ஊற்றிய எல்லாவற்றின் பெயரும் எங்களுக்கு வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்குப் பட்டது, முதல் வாந்தி எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டால் பெரிய உதவி. குழப்பமாக இருந்தால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117. ஆனால் போன் பேசிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். வண்டியில் போகும்போது பேசுங்கள்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதில் என் கருத்து உறுதியானது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய மருத்துவமனையைத் தேடி, வழியில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தையும் தாலுகா மருத்துவமனையையும் தாண்டி ஓட வேண்டாம். முதலில் தேவைப்படுகிற அட்ரோபின் ஊசி மிகவும் மலிவான, பழைய மருந்து. நுரையீரலில் சுரப்பதை நிறுத்துவது அதுதான். அருகில் இருக்கிற இடத்தில் அதைத் தொடங்கி, ஆக்ஸிஜனோடு மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் பாதுகாப்பு. ஒரு ஆம்பூலில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும்; பெரியவர் ஒருவருக்கு மூன்று ஆம்பூலில் தொடங்கி, நெஞ்சில் சுரக்கும் சளியும் நீரும் நின்று காயும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகக் கூட்டிக்கொண்டே போவோம். "இத்தனை ஊசியா?" என்று உறவினர்கள் பதறுவார்கள். சிலருக்கு டஜன் கணக்கில் வேண்டியிருக்கும். அந்த ஊசியால் நோயாளி உளறுவார், படுக்கையைப் பிறாண்டுவார், உடம்பு சுடும், வாய் வறளும். பார்க்கப் பயமாக இருக்கும். அளவைச் சரிசெய்தால் அடங்கிவிடும்.

வெயில் என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் இரண்டுக்கும் பொது. வியர்வையை மட்டும் வைத்தும் பிரிக்க முடியாது, வெயிலில் உழைத்து விழுந்தவரும் நனைந்துதான் இருப்பார். சுருங்கிய பாப்பா, ஒழுகும் எச்சில், தசைத் துடிப்பு, நெஞ்சில் கொரகொர சத்தம், பேதி இவற்றில் ஒன்று இருந்தாலும் விஷம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், அன்று மருந்து அடித்தவர் என்பது ஒன்றே போதும். தோல் வழியாக ஏறும்போது பல மணி நேரம் கழித்துக்கூட அறிகுறி தொடங்கலாம், இரவு தூங்கப்போனவர் விடியற்காலையில் மூச்சுத் திணறி எழுவார்.

மருந்தைக் குடித்துவிட்ட ஒருவர் என்றால் என்ன வித்தியாசம்? வாயைக் கொப்பளிக்கச் சொல்லலாம், நினைவு இருந்தால். வேறு எதுவும் வாய்வழியே போகக் கூடாது. துணியிலும் மேலிலும் சிந்தியிருக்கும், அதை மேலே சொன்னபடி கழுவ வேண்டும். பிறகு, எவ்வளவு நன்றாகத் தோற்றமளித்தாலும் மருத்துவமனைதான். சில விஷங்கள் முதல் நாள் ஒன்றும் காட்டாது. எலி பேஸ்ட் அதில் மோசமானது. அதில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாள் லேசாக வயிற்றைப் புரட்டிவிட்டு அடங்கிவிடும். "சரியாயிடுச்சு" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மூன்று நான்கு நாளில் கல்லீரல் செயலிழந்து மஞ்சள் காமாலையோடு திரும்பி வருவார்கள். தமிழ்நாட்டில் இதைத் தடை செய்திருக்கிறார்கள், ஆனாலும் பழைய டியூப் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம், பாருங்கள். பாராகுவாட் களைக்கொல்லியும் அப்படித்தான், வாய்ப்புண்ணோடு தொடங்கிச் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் நாள் கழித்துத் தாக்கும். அதற்கு முறிவுமருந்து கிடையாது என்பதால் முதல் மணி நேரமே முக்கியம். வாயில் வைத்துத் துப்பிவிட்டேன் என்று சொல்கிறவரையும் கொண்டுவர வேண்டும். தானிய மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரத்தோடு சேர்ந்தால் வாயுவாகும். அங்கே முதல் வேலை எல்லோரையும் அறையைவிட்டு வெளியேற்றிக் கதவு ஜன்னலைத் திறப்பது. 2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் வாயுவைச் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மாத்திரை வைத்த அறையில், பக்கத்து அறையிலும்கூட, யாரும் தூங்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குடித்ததை மறைக்காதீர்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும், ஊரில் பேர் கெட்டுவிடும் என்று பயந்து "அடிக்கும்போது பட்டுவிட்டது" என்று சொல்கிற குடும்பங்கள் ஏராளம். மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், உண்மைதான். ஆனால் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு, அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தவறான தகவல் தவறான சிகிச்சைக்குக் கொண்டுபோகும். பிழைத்து எழுந்தவரைத் திட்டாமல், தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி மனம் கனத்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவத்திலேயே இன்னும் தீராத விஷயங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ஏன் வயிறு கழுவவில்லை, ஏன் அந்த ஊசி போடவில்லை" என்று வார்டில் சண்டை நடக்கிறது. வயிற்றைக் குழாய் போட்டுக் கழுவுவது குடித்த முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பலன் தருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மூச்சுக்குழாயைப் பாதுகாக்காமல் செய்தால் கேடுதான். வயிற்றில் இருக்கும் விஷத்தைப் பிடித்துக்கொள்வதற்காகக் கரித்தூள் கொடுப்பதை இலங்கையில் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து 2008ல் முடிவை வெளியிட்டார்கள், இறப்பு குறையவில்லை. விஷம் கட்டிப்போட்ட நொதியை விடுவிக்கக் கொடுக்கும், பாம் என்று நாங்கள் சொல்லும் பிராலிடாக்ஸிம் ஊசி, மகாராஷ்டிராவின் பாராமதியில் செய்த ஆய்வில் அதிக அளவில் கொடுத்தபோது நன்மை தந்தது (2006). இலங்கை ஆய்வில் தரவில்லை (2009). ஆகவே ஒரு மருத்துவர் கொடுத்தாலும் இன்னொருவர் கொடுக்காவிட்டாலும் இரண்டுமே நியாயம். அட்ரோபின், ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர் இந்த மூன்றில்தான் சந்தேகமே இல்லை. சைபர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்து பட்டு முகம் சுள்ளென்று எரிந்தால், சோப்பால் கழுவிய பிறகு வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால் சிலருக்குக் குறைகிறது. ஆதாரம் சிறியது, தடவிப் பார்ப்பதில் தப்பில்லை. கழுவுவதற்கு முன்னால் மட்டும் எந்த எண்ணெயும் வேண்டாம்.

இப்போது உங்கள் மூன்றாம் நாள் கேள்வி. 1987ல் இலங்கை மருத்துவர்கள் பத்து நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரித்த ஒரு நிலை இது. ஆர்கனோபாஸ்பேட் விஷத்தின் முதல் கட்டம் அடங்கி, 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசையும் தோள் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது என்பதுதான் முதல் அடையாளம். அட்ரோபின் இதைத் தடுக்காது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. வென்டிலேட்டர் கொடுத்துக் காத்திருந்தால் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் முழுதாகத் தேறுகிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவர்கள் அதைக் கண்டுபிடித்துச் சரியான நேரத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாம் நாள் பேசிவிட்டார் என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப்போயிருந்தால் வீட்டில் மூச்சு நின்றிருக்கும். நான்கைந்து நாள் கண்காணிப்பு என்று மருத்துவர் சொன்னால் அது படுக்கைக் கணக்குக்காக அல்ல.

மாமா மறுபடி எப்போது அடிக்கலாம்? இந்தப் பருவம் வேண்டாம் என்பதுதான் என் பதில். விஷம் கட்டிப்போட்ட அந்த நொதி, கோலினெஸ்டரேஸ் என்பது அதன் பெயர், உடம்பில் புதிதாக உண்டாக வேண்டும். ரத்த நீரில் இருக்கும் கோலினெஸ்டரேஸ் சில வாரங்களில் சரியாகிவிடும். சிவப்பணுவில் இருப்பது புதிய அணுக்கள் உண்டாவதோடு சேர்ந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் ஏறும், முழுதாகத் திரும்ப மூன்று நான்கு மாதம் ஆகலாம். அதற்குள் மறுபடி பட்டால் முன்னைவிடக் குறைந்த மருந்தே அவரை விழவைக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கால், கை மரத்துப்போவது, நடக்கும்போது பாதம் தொய்வது போன்றவை இரண்டு மூன்று வாரம் கழித்து வரக்கூடும். வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் திரும்ப வயலுக்குப் போகும்போது, 2017ல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் நடந்ததை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு பருத்திச் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, தெளித்த மருந்து முகத்திலும் தலையிலும் விழுந்தது, 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செடி நெஞ்சுக்கு மேல் வளர்ந்துவிட்டால் மேல்நோக்கி அடிக்க வேண்டாம். காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும், முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, பூட்ஸ் வேண்டும். முகத்தில் கட்டுகிற துண்டு மருந்தில் நனைந்துவிட்டால் அது பாதுகாப்பு இல்லை, மருந்தையே மூக்கில் கட்டிக்கொள்வதுதான், மாற்றிவிட வேண்டும். முடித்ததும் வயலிலேயே கை, முகம் கழுவி, வீட்டுக்கு வந்தவுடன் பிள்ளைகளைத் தூக்குவதற்கு முன்னால் குளிக்க வேண்டும். காலி டப்பாவில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்கவே கூடாது: 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தது, சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததால்தான். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டேங்கிலேயே ஊற்றிவிட்டு, ஆணியால் ஓட்டை போட்டுவிடச் சொல்லுங்கள்.